பழைய கேசட்டையும் ஃபிளாப்பியையும் வீட்டிலேயே அழிக்க ஒரு காந்தக் கருவி

கீழக்கரையில் ஒரு வீட்டை இடித்துக் கட்டும் வேலை தொடங்கியபோது, பரணிலிருந்து இறக்கிய பிஸ்கட் டப்பாக்களில் அறுபது கேசட்டுகள் இருந்தன. வளைகுடா நாட்டில் வேலை பார்த்த கணவரும் ஊரிலிருந்த மனைவியும் கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்பிய ஒலிநாடாக்கள் அவை. தொலைபேசியில் மூன்று நிமிடம் பேசுவதற்கே கணக்குப் பார்த்த காலத்தில் இந்தக் கடற்கரையின் பல வீடுகளில் இதுதான் கடிதம். மகன் அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்றார். அவருடைய தாயார் என்னிடம், "தம்பி, போடுறதுன்னா போடட்டும், ஆனா அதுல இருக்குற பேச்சு ஒரு கடைக்காரன் காதுல விழக்கூடாது" என்றார். அந்தக் கவலைக்காகச் செய்த கருவியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். ஐஸ் பிளாண்ட் கணக்கு, இறால் ஏற்றுமதிப் பட்டியல், சங்கத்தின் உறுப்பினர் விவரம் என்று ஃபிளாப்பி வட்டுகளை வைத்திருப்பவர்களுக்கும் இது பயன்படும்.

கருவியைத் தொடும் முன் ஒரு வார்த்தை. அழித்ததை யாராலும் மீட்டுத்தர முடியாது. ஆகவே ஒவ்வொரு கேசட்டையும் ஒருமுறை கேட்டு, வேண்டியதைக் கணினியில் ஏற்றிய பிறகே அழிக்க வேண்டும். மேலுறையில் "இலங்கை வானொலிப் பாட்டு" என்று எழுதியிருந்த கேசட்டின் மறுபக்கத்தில் இறந்துபோன பாட்டனாரின் குரல் இருந்ததை நான் கேட்டிருக்கிறேன்.

நாடாவின் மேல் பூசப்பட்டிருப்பது பெரும்பாலும் இரும்பு ஆக்சைடின் மிக நுண்ணிய துகள்கள். ஒவ்வொரு துகளும் ஒரு சிறு காந்தம். பதிவு செய்வது என்றால் அந்தக் காந்தங்களை ஓர் ஒழுங்கில் திருப்பி நிறுத்துவது. அழிப்பது என்றால் அந்த ஒழுங்கைக் கலைத்து, எத்தனை வடக்கோ அத்தனை தெற்கு என்று ஆக்கிவிடுவது. பலமான காந்தம் ஒன்றை அப்படியே தேய்த்தால் எல்லாத் துகள்களும் ஒரே பக்கம் திரும்பி நிற்கும். பேச்சு போய்விடும் என்றாலும் நாடா காந்தமேறிப் போய், மறுபதிவு செய்யும்போது இரைச்சல் கூடும். திசை மாறி மாறி வீசும் காந்தப்புலத்தில் நாடாவை வைத்து, அந்தப் புலத்தை மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தால்தான் துகள்கள் உண்மையில் கலையும். ஆட்டிவிட்ட ஊஞ்சலைக் கையால் பிடித்து நிறுத்தினால் பிடித்த இடத்தில் கோணலாக நிற்கும், தானாக அடங்கவிட்டால் நடுவில் வந்து நிற்கும் அல்லவா, அதைப் போன்றது இது. பள்ளிப் புத்தகத்தில் காந்தத் தயக்கம் என்ற தலைப்பில் வரையும் வளையம் சுற்றுக்குச் சுற்று சிறுத்துச் சிறுத்து நடுப்புள்ளியில் அடங்குவதும் இதுவே. ஊர் மின்சாரம் நொடிக்கு 50 முறை முழுச் சுற்று சுற்றி வருவதால் திசை மாற்றும் வேலையை அதுவே செய்துவிடுகிறது. மெல்லக் குறைக்கும் வேலையை நம் கை செய்ய வேண்டும்.

இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் டீகாஸ் என்ற சொல்லே கடலில் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போரின்போது காந்தத்தால் வெடிக்கும் கண்ணிகளிலிருந்து தப்புவதற்காக, கப்பல்களின் இரும்பு உடலைச் சுற்றிக் கம்பிச்சுருள் ஓட்டி அவற்றின் காந்தத்தைக் குறைக்கும் வேலைக்குப் பிரிட்டிஷ் கடற்படையினர் அந்தப் பெயரை வைத்தார்கள்.

எவ்வளவு புலம் வேண்டும் என்பது நாடாவின் வகையைப் பொறுத்தது. ஒரு பூச்சு தன் காந்தத்தை விட்டுக்கொடுக்க எவ்வளவு எதிர்ப்புலம் கேட்கிறது என்பதைக் கோயர்சிவிட்டி என்று சொல்லி ஓர்ஸ்டெட் என்ற அலகில் அளக்கிறார்கள். சாதாரண ஃபெரிக் கேசட்டும் அஞ்சே கால் அங்குல 360 கிலோபைட் ஃபிளாப்பியும் ஏறக்குறைய 300 முதல் 380 வரை கேட்கும். குரோம் கேசட், 1.2 மெகாபைட் ஃபிளாப்பி, மூன்றரை அங்குல ஃபிளாப்பி, கல்யாண வீடியோ எடுத்த வி.எச்.எஸ். கேசட் ஆகியவை 500 முதல் 900 வரை கேட்பவை. மெட்டல் கேசட் ஆயிரத்தைத் தாண்டும். பழைய ஹார்ட் டிஸ்க் 1,500க்கு மேல், இக்கால ஹார்ட் டிஸ்க் நாலாயிரம், ஐயாயிரம் என்று போகும். சுத்தமாக அழிய வேண்டுமானால் இந்த எண்ணைப்போல இரண்டு, மூன்று மடங்கு புலம் நாடாவைத் தொட வேண்டும். புலம் போதாத இடத்தில் பத்து முறை தேய்த்தாலும் பயன் இல்லை; ஒலி சற்றுத் தாழுமே தவிரப் போகாது.

ஹார்ட் டிஸ்க்கை ஆகவே இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஓடும் நிலையில் இருந்தால் மென்பொருளால் முழுவதும் மேலெழுதலாம். ஓடாவிட்டால் திருகைக் கழற்றித் தட்டுகளை வெளியே எடுத்து உடைப்பதே வழி. மடிக்கணினியின் இரண்டரை அங்குலத் தட்டு பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது, வளையாமல் சில்லுச் சில்லாகத் தெறிக்கும் என்பதால் துணியில் சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு உடைக்கவும். பென் டிரைவ், மெமரி கார்டு, சி.டி. ஆகியவற்றில் தகவல் காந்தமாக இல்லை; எந்தக் காந்தமும் அவற்றை ஒன்றும் செய்யாது. அலுவலகங்களில் காப்புப்பிரதி எடுத்த எல்.டி.ஓ. நாடாவிலும் ஜிப் வட்டிலும் தொழிற்சாலையிலேயே வழிகாட்டித் தடங்கள் எழுதப்பட்டிருக்கும். அவை அழிந்தால் அந்த ஊடகத்தை மறுபடி எழுதப் பயன்படுத்த முடியாது.

நான் முதலில் எடுத்தது தொலைக்காட்சிப் பெட்டியின் காயில், அதாவது கம்பிச்சுருள். 2006ஆம் ஆண்டு தொடங்கிய அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் வந்த பெட்டிகள் இந்தக் கரையில் இன்று கோழி அடைக்கக்கூட ஆகாமல் கிடக்கின்றன. அவற்றின் படக்குழாயைச் சுற்றி ஒரு பெரிய வளையமாக டீகாஸ் காயில் ஓடும்; பெட்டியைப் போட்டவுடன் 'டூம்' என்று ஒரு சத்தம் வருமே, அது அந்தக் காயிலின் வேலை. போசிஸ்டர் என்ற சிறு கறுப்புப் பெட்டி அதில் ஓடும் மின்சாரத்தைத் தானாக அடக்கிக் குறைக்கும். இவ்வளவு பொருத்தமான பொருள் வேறு எங்கே கிடைக்கும் என்று மகிழ்ந்து, காயிலை எட்டுப் போல முறுக்கி, மடித்துச் சிறிய வளையமாக்கி கேசட்டின் மேல் சுற்றினேன். பாட்டு அப்படியே இருந்தது. பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: 200 சுற்று, 3 ஆம்பியர், 10 சென்டிமீட்டர் ஆரம் என்று வைத்தால் நடுவில் கிடைப்பது ஏறத்தாழ 38 கௌஸ், காற்றில் அதுவே 38 ஓர்ஸ்டெட். படக்குழாயின் மெல்லிய தகட்டுக்கு அது போதும், நாடாவுக்குப் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கழற்றும்போது அந்தக் குழாயின் ஆனோடில் பல ஆயிரம் வோல்ட் தங்கியிருக்கக்கூடும் என்பதையும் நினைத்தால், தெரியாதவர்கள் அந்தப் பெட்டியின் பின்மூடியைத் திறக்காமலிருப்பதே நல்லது.

புலத்தைத் திரட்டித் தர இரும்பு வேண்டும். அதற்கு எளிதில் கிடைப்பது பழைய ஆம்பிளிஃபயர் அல்லது பேட்டரி சார்ஜரில் இருக்கும் 12 வோல்ட், 5 ஆம்பியர் அளவுள்ள டிரான்ஸ்பார்மர். கடலோர வீட்டில் கிடந்த டிரான்ஸ்பார்மரை எடுத்தவுடன் முனைகளைப் பாருங்கள். செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் உப்புக்காற்று உள்ளே போய்விட்டது என்று பொருள், அதைத் தள்ளிவிட்டு வேறு ஒன்றைத் தேடுங்கள். நன்றாக இருப்பதையும் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, வைண்டிங்குக்கும் (சுற்றியிருக்கும் செம்புக் கம்பி) இரும்புக்கும் இடையே மெக்கர் (மின்காப்பு எவ்வளவு என்று காட்டும் மீட்டர்) வைத்துப் பார்க்க வேண்டும். மோட்டார் வைண்டிங் கடைக்குக் கொண்டுபோனால் ஐந்து நிமிடத்தில் பார்த்துத் தருவார்கள். 500 வோல்ட்டில் சில மெகா ஓமாவது காட்டாத டிரான்ஸ்பார்மர் இந்த வேலைக்கு வேண்டாம்.

அதன் கோர் (நடுவிலுள்ள இரும்பு), ஈ வடிவத் தகடுகளும் ஐ வடிவப் பட்டைகளும் மாறி மாறி அடுக்கியது. இதைத் தொழிலில் ஸ்டாம்பிங் என்பார்கள். வார்னிஷ் ஊறி இறுகியிருக்கும் என்பதால் முதல் தகட்டை எடுப்பதுதான் கடினம். மெல்லிய கத்தியை இடுக்கில் நுழைத்து, மரக்கட்டையை வைத்து மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தால் அசையும். அவசரப்பட்டு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பாபினுக்குள் (கம்பி சுற்றிய கூடு) இருக்கும் கம்பி அறுந்துவிடும், நான் ஒன்றை அப்படி இழந்தேன். எல்லாத் தகடுகளும் வெளிவந்த பிறகு ஐ வடிவப் பட்டைகளை ஒதுக்கிவிட்டு, ஈ வடிவத் தகடுகளை மட்டும் ஒரே பக்கம் பார்த்தபடி பாபினுக்குள் திரும்ப நுழைத்து, ஓட்டைகளில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். இப்போது ஒரு பக்கம் மூடியும் மறுபக்கம் மூன்று இரும்பு விரல்கள் திறந்தும் நிற்கும். முன்பு பட்டைகளின் வழியாக உள்ளுக்குள்ளேயே சுற்றிவந்த காந்தப்புலம் இனி அந்த விரல்களுக்கு இடையில் காற்றில் பாய்ந்தாக வேண்டும். நமக்கு வேண்டியது அந்தப் பாய்ச்சல். தளர்வாக இருக்கும் தகடு மின்சாரம் வந்ததும் வண்டு போல் இரையும் என்பதால் இறுக்கத்தில் கஞ்சத்தனம் கூடாது. திறந்த முகத்தின் மேல் ஒன்றரை மில்லிமீட்டர் ஹைலம் ஷீட் (மின்சாரம் கடத்தாத கடினமான அட்டை) ஒன்றை ஒட்டிவிட்டால் இரும்பின் முனை கேசட்டைக் கீறாது. இதைவிடத் தடித்த பலகை வைத்தால் புலம் பாதியிலேயே செத்துவிடும்.

மின்சாரம் கொடுப்பது 230 வோல்ட் பிரைமரி வைண்டிங்குக்கு. 12 வோல்ட் பக்கத்துக் கம்பிகளைத் தனித்தனியே ஸ்லீவ் போட்டு, ஒன்றோடொன்று தொடாதபடி கட்டிவிட வேண்டும். அவை தொட்டுக்கொண்டால் புலம் எழும்பாது, வைண்டிங் கருகும். ஃபேஸ் கம்பியில் 3 ஆம்பியர் ஃபியூஸ், அதையடுத்து வைண்டிங்கின் மேல் ஒட்டிக் கட்டிய, சூடு மிஞ்சினால் அறுந்துவிடும் தெர்மல் ஃபியூஸ், அதையடுத்து காலிங் பெல்லுக்குப் போடும் அழுத்து சுவிட்ச் என்று வரிசையாக வரட்டும். சாதாரண சுவிட்ச் போட்டால் மறந்து விட்டுவிடுவோம். அழுத்து சுவிட்ச் விரலை எடுத்தால் நின்றுவிடும். இரும்புக் கோரில் கட்டாயம் எர்த் கம்பி இணைத்து, முழுவதையும் மரப்பெட்டியிலோ பிளாஸ்டிக் பெட்டியிலோ அடைக்கவும். கசிவு வந்தால் 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் இதைச் செருகவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் சுவரே வியர்க்கும் ஊர் இது. ஈரத் தரையில் வெறுங்காலுடன் நின்று வேலை செய்கிறவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் நான் அருகில் நிற்க மாட்டேன்.

முதல் சோதனையை சீரிஸ் போர்டில் செய்யுங்கள். 100 வாட் குண்டு பல்பு ஒன்று வரிசையில் இருக்கும்போது, பல்பு எரிந்தும் இரும்பு முகத்தில் வைத்த ஆணி அதிராவிட்டால் வைண்டிங்கில் ஷார்ட் இருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். ஆணி அதிர்ந்தால் சரி. பிறகு பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுங்கள். பட்டைகளைக் கழற்றிவிட்டதால் வைண்டிங் தாங்க வேண்டியதைவிடப் பல மடங்கு மின்சாரம் ஓடும். என் கருவியின் பிரைமரிக்கு 0.26 ஆம்பியர்தான் முறையான அளவு, ஓடுவது ஒன்றரை ஆம்பியருக்குப் பக்கத்தில். ஆகவே 15 நொடி ஓட்டம், 10 நிமிடம் ஓய்வு என்பதை மீறக் கூடாது. அந்த ஓய்வு நேரத்தில் அடுத்த கேசட்டைச் சுற்றி வைக்கலாம்.

சுற்றி வைப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. கேசட்டின் வாய்ப்பக்கம், நாடாவை அழுத்தும் சிறு மெத்தைக்குப் பின்னால் ஒரு தகரத் தகடு இருக்கும். அது வெளிக்காந்தத்தைத் தடுப்பதற்காகவே வைத்தது. அதன் மறைவில் இருக்கும் ஓர் அங்குல நாடா அழியாமல் தப்பிவிடலாம். நாடாவை முழுவதும் ஒரு பக்கமாகச் சுற்றிவிட்டால் அந்த இடத்தில் பூச்சு இல்லாத வெற்று லீடர் நாடா வந்து நிற்கும், தப்புவதற்கு ஒன்றும் இராது. வாய்ப்பக்கத்தில் மெத்தையைத் தாங்கும் வில்தகடு துருப்பிடித்து ஒட்டியிருந்தாலோ, நாடாவின் மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தாலோ பிளேயரில் போடாமல் பென்சிலால் சுற்றுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

இனி அழிக்கும் முறை. கருவி மேசையில் இருக்கட்டும். கேசட்டை ஒரு கையில், கையின் முழு நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு மறுகையால் சுவிட்சை அழுத்துங்கள். கேசட்டைத் தட்டையாகக் கொண்டுவந்து ஹைலம் ஷீட்டின் மேல் வைத்து, தோசைக்கல்லில் மாவை இழுப்பது போல் வட்டமாக இரண்டு மூன்று சுற்றுச் சுற்றுங்கள். விரல் நுனியில் ஓர் அதிர்வு தெரியும், உள்ளே திருகுகள் சலசலக்கும். பிறகு சுற்றுவதை நிறுத்தாமலே நேர் மேலே தூக்கிக்கொண்டு வர வேண்டும், நொடிக்கு 5 சென்டிமீட்டருக்கு மேல் வேகம் கூடாது. அந்த வேகத்தில் மின்சாரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் கேசட் ஒரு மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும், துகள்கள் படிப்படியாக அடங்க அது போதும். புலம் தூரத்தின் முப்படியில் குறைவதால், தூரம் இரட்டித்தால் எட்டில் ஒரு பங்காகிவிடும். இப்படி ஏழெட்டு நொடியில் கை முழுவதும் நீண்ட பிறகு விரலை எடுங்கள். ஓய்வுக்குப் பின் கேசட்டைப் புரட்டி மறுபக்கமும் இதேபோல் செய்ய வேண்டும்.

தூக்குவதற்கு முன்பே விரல் நழுவிவிட்டால் என்ன ஆகும் என்று எனக்கு மூன்றாவது கேசட்டிலேயே தெரிந்தது. அந்த நொடியில் இருந்த புலம் அப்படியே நாடாவில் உறைந்துபோய், சுருளின் எல்லா அடுக்குகளிலும் ஒரே பக்கமாகப் பதிந்துவிட்டது. பிளேயரில் போட்டால் பேச்சில்லை, ஆனால் சுருள் ஒருமுறை சுற்றும்போதெல்லாம் 'துப்... துப்...' என்று நாட்டுப்படகின் இன்ஜின் தூரத்தில் போவது போல ஒரு சத்தம். அதே கேசட்டை மறுபடி முறையாகத் தூக்கி எடுத்ததும் சத்தம் போயிற்று. பயிற்சிக்காக முதலில் இரண்டு குப்பைக் கேசட்டுகளில் கை பழகிக்கொள்ளுங்கள்.

வி.எச்.எஸ்., குரோம் கேசட், மூன்றரை அங்குல ஃபிளாப்பி ஆகியவற்றுக்கு இந்தக் கருவியின் புலம் போதவில்லை. அவற்றுக்கு நான் பயன்படுத்துவது உடைத்த ஹார்ட் டிஸ்க்குக்குள் இருக்கும் நியோடிமியம் காந்தம். படிப்பு முனையை ஆட்டும் கைக்கு மேலும் கீழும் இரும்புத் தகட்டில் ஒட்டிய இரண்டு பளபளப்பான காந்தங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் முகத்திலும் வடக்கும் தெற்கும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்திருக்கும். வீட்டில் குழந்தை இருந்தால் ஸ்பீக்கர் காந்தத்தைக் கடற்கரை மணலில் புரட்டிக் கொண்டுவரச் சொல்லுங்கள். மீசை போல் ஒட்டிவரும் கருமணலைத் துடைத்தெடுத்து, ஒரு தாளில் தூவி, தாளின் அடியில் இந்தக் காந்தத்தை நீட்டினால் இரு துருவங்களும் பிரியும் கோடு துல்லியமாகத் தெரியும். தகட்டோடு சேர்த்து அந்த இரண்டு காந்தங்களையும் ஒரு வட்டப் பலகையில் எதிரெதிரே போல்ட் போட்டு முடுக்கி, கையால் சுற்றும் டிரில்லில் மாட்டினால், சுற்றும்போது புலம் தானாகத் திசை மாறும். பசை மட்டும் போட்டு ஒட்டினால் பறந்துவிடும், மின்சார டிரில்லின் முழு வேகம் வேண்டவே வேண்டாம். நொடிக்கு ஐந்து சுற்று என்றால் தூக்கும் வேகமும் அதற்கேற்ப நொடிக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வி.எச்.எஸ். கேசட் 25 மில்லிமீட்டர் தடிமன் என்பதால் இரு பக்கமும் இரண்டு தடவை செய்கிறேன். இரண்டு நியோடிமியம் காந்தங்களுக்கு நடுவே விரல் சிக்கினால் நகம் போய்விடும்.

எங்கே வைத்துச் செய்கிறோம் என்பதும் முக்கியம். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர் அந்த அறையில் இருக்கக் கூடாது. வங்கி அட்டை, கைக்கடிகாரம், காது கேட்கும் கருவி, அழிக்கக் கூடாத கேசட்டுகள் எல்லாம் அடுத்த அறையில் இருக்கட்டும். படகு வைத்திருப்பவர்கள் வீட்டில் காம்பஸைத் தேடிப்பார்த்து எடுத்துவிடுங்கள். பழுது பார்க்கக் கொண்டுவந்து அலமாரியில் வைத்திருப்பார்கள். அதன் ஊசி காந்தம் குலைந்து இரண்டு பாகை பிசகினாலும் கரையில் தெரியாது, பாக் நீரிணையில் இரவில் ஜி.பி.எஸ். நின்றுபோன நேரத்தில்தான் தெரியும். இந்தியாவும் இலங்கையும் செய்த 1974 ஒப்பந்தத்தில் வரைந்த எல்லைக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் தொழில் செய்கிறவர்களின் வீட்டில் இந்த விளையாட்டு ஆகாது.

அழிந்ததா என்று கேட்டுப் பார்க்க, பிளேயரின் ஒலியை முழுவதும் கூட்டி ஹெட்போனில் தொடக்கம், நடு, கடைசி என மூன்று இடங்களில் கேளுங்கள். மெல்லிய, சீரான இரைச்சல் மட்டும் வந்தால் போதும். நடுவில் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போலக் குரல் கேட்டால் அந்தப் பக்கத்தை மறுபடி செய்யவும். திரும்பத் திரும்ப கேட்டால் அந்த நாடாவுக்கு இந்தப் புலம் பத்தவில்லை, காந்த டிரில்லுக்கு மாற்றவும். ஃபிளாப்பி வட்டு அழிந்தபின் கணினி அதை ஃபார்மட் ஆகாத வட்டு என்று சொல்லும். ஃபார்மட் செய்து திரும்பப் பயன்படுத்தலாம். 1.2 மெகாபைட் டிரைவில் எழுதிய 360 கிலோபைட் வட்டு பழைய டிரைவில் சரியாகப் படிக்காமல் மக்கர் செய்வதுண்டு. புதிய முனையின் ஒடுங்கிய தடத்துக்கு இருபுறமும் பழைய அகலத் தடத்தின் மிச்சம் தங்கிவிடுவதே காரணம். இப்படி மொத்தமாக அழித்துவிட்டு, பழைய டிரைவிலேயே ஃபார்மட் செய்து எழுதினால் அந்தக் கோளாறும் தீரும்.

அழித்த நாடாவை எரிக்காதீர்கள், புகை நல்லதல்ல. கடலிலும் போடாதீர்கள், மன்னார் வளைகுடாவில் ஆமைகளுக்கு ஏற்கெனவே வலைக் கழிவே போதுமான தொல்லை. மின்கழிவு வாங்குபவரிடம் கொடுக்கலாம். கீழக்கரைத் தாயாரின் கேசட்டுகளில் 52 இப்படி முடிந்தன. எட்டை மட்டும் அவர் கேட்டுக் கேட்டு ஒதுக்கி வைத்துக்கொண்டார். அழித்த நாடாவில் ஒரு பகுதியை உருவி, தெரிந்தவர் ஒருவர் பாம்பனில் கருவாட்டுக் களத்தின் மேல் காக்கை விரட்டக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருக்கிறார். வாடைக்காற்றில் அது இரையும்போது, மூன்றாவது கேசட்டின் 'துப்' சத்தம் எனக்கு நினைவு வருகிறது.